பெர்மிட் வயல்

கணினிக் கடை வைத்திருப்பவனிடம் சனம் முதலில் பழுதைக் கொண்டுவரும்; பழி கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்துசேரும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பேச்சு வாங்கிப் பழகிய உங்களுக்கு, கிளிநொச்சியில் எனக்கு நடந்தது விளங்கும்.

பெட்டி எங்கே?

முன்பு கேம் என்றால் சீடியில் வரும். ஒரு சீடியைத் தெரு முழுக்க மாறி மாறிப் போட்டு விளையாடுவார்கள். இப்போது எல்லாம் இன்டர்நெட்டில் இறங்குகிறது. ஜெயபுரத்திலிருந்து வந்த சிவராசா அண்ணைக்கு அப்படி ஒன்றை வாங்கி இறக்கிக் கொடுத்தேன். டிராக்டர் ஓட்டி, உழுது, விதைத்து, வெட்டுகிற கேம். மகள் கலியாணம் கட்டிப் போகும்போது விட்டுப்போன கணினி வீட்டில் சும்மா கிடந்ததாம். வேலை முடிந்த பிறகும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"காசு தந்தனான் தம்பி, கையிலை ஒண்டும் தரேல்லையே?"

கடையின் பெயரில்

இதில் என் கெட்டித்தனமும் ஒன்று இருக்கிறது. கேம் வாங்க பாங்க் காட் வேண்டும், மின்னஞ்சல் வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேரிடம் காட் இல்லை. மிச்சப் பேர் கடவுச்சொல்லை மறந்துவிடுவார்கள். ஆகவே எல்லோருக்கும் கடையின் ஒரே கணக்கிலேயே வாங்கிப் போட்டேன். அவர்களுக்கும் சுகம், எனக்கும் சுகம். என்னோடு வேலை செய்யும் ஜெனிற்றா முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை. வாய் சும்மா இராது.

"அண்ணை, மற்றவையின்ரை பேரிலை இருக்கிற காணியிலை கிணறு வெட்டினவையின்ரை கதை உங்களுக்குத் தெரியாதோ?"

அண்ணையின் விளைச்சல்

சிவராசா அண்ணையின் வயல் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அரசாங்கக் காணியில் பயிர் செய்யலாம் என்று தந்த அனுமதிப் பத்திரம், அந்தப் பெர்மிட், அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் வன இலாகாக்காரர் அதைக் காடென்று கல் நட்டுவிட்டார்கள். நின்று பார்க்கலாம், இறங்க முடியாது. கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி மனிசன் களைத்துப் போனார்.

ஜெயபுரம் பக்கம் ஒரு பிரிண்டரைத் திருத்தப் போனபோது என்னை வீட்டுக்குள் கூப்பிட்டுக் காட்டினார். திரையில் அவரது பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. பழைய வயலில் விட்டதைப் போலவே மேற்கு மூலையில் ஒரு துண்டை மாட்டுக்கென்று விதைக்காமல் விட்டிருந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இஞ்சை கல்லு நட ஒருத்தரும் வரமாட்டினம், தம்பி."

பூட்டு

ஒரு காலை கம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரே கணக்கைப் பல வீடுகளில் பாவித்தது விதிமீறல்; கணக்கு மூடப்பட்டது. மன்றாடி எழுதினேன், அதே வசனம் திரும்பி வந்தது. அப்போதுதான் கேமோடு வருகிற நீண்ட நிபந்தனைகளை முதல்முறையாக வாசித்தேன். நாங்கள் வாங்கியது கேமை அல்ல, விளையாடும் அனுமதியை மட்டும். அவரவர் பெயரில் வாங்கியிருந்தாலும் கம்பனி நினைத்தால் அதைத் திருப்பி எடுக்கலாம். ஆனாலும் இந்த முறை எடுக்க வழி விட்டவன் நான்.

அண்ணை கணினியைக் காவிக்கொண்டு வந்தார். பயிர் உள்ளுக்குள்தான் இருக்கிறது, திறக்கத்தான் முடியாது என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நாலு பேச்சு ஏசினால் ஆறுதலாக இருக்கும் என்று நின்றேன். அவர் கணினியை உரப்பைக்குள் வைத்து வாயைக் கட்டினார்.

"பெர்மிட் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே தம்பி, எனக்கு அது பழக்கம்தானே."

அன்றைக்கே கடைப் பலகையில் 'கேம் விற்கப்படும்' என்பதில் இரண்டாவது சொல்லை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் எழுத நேர்மையான சொல் ஒன்று இன்னும் அகப்படவில்லை.