மூன்று வண்டிக் கொட்டகை

எங்கள் வீட்டுக்காரரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. போகப்போக மற்றவர்கள் கூப்பிடும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள். அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்த மனுஷனுக்கு எதையும் தூக்கி எறியத் தெரியாது. கல்யாணமாகி கண்டிக்கு வந்த நாளிலிருந்து அவரோடு நான் போட்ட சண்டையில் பாதி, வீட்டுக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகையைப் பற்றியதுதான்.

கட்டுக்கலையில் பேராதனைக்குப் போகிற பாதையோரம் எங்கள் வீடு. வீடு சின்னது, கொட்டகை பெரியது. மூன்று வண்டி நிற்க வேண்டிய இடத்தில் மூன்று வண்டியும், போதாததற்கு உலகத்துக் குப்பையும் நிற்கும். ஆரக்கால் உடைந்த சக்கரங்கள், பிளந்துபோன நுகத்தடி, எலி கடித்த சாக்குகள், கண்ணாடி இல்லாத லாந்தர், ஏதோ துரை வீட்டில் உட்கார்ந்து தேய்த்துக் கழித்துக் கட்டிய, கால் போன கதிரை. மழைக்காலத்தில் உள்ளே போனால் தேள் கொட்டும், வெயில் காலத்தில் போனால் தும்மியே சாக வேண்டும்.

"இந்தச் சக்கரத்த எதுக்கு வச்சிருக்கீங்க? வெறகுக்காவது ஒடச்சுக் குடுங்க" என்பேன்.

"தேவைப்படும் புள்ள."

"என்னைக்கு?"

"ஒரு நாளைக்கு."

இதுதான் அவர் பதில். எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்.

ஆனால் மூன்று வண்டிக்காரர் என்றால் அப்போது ஊரில் ஒரு மரியாதை இருந்தது. ஹந்தானை, தெல்தோட்டைத் தோட்டங்களில் கோப்பிக்கொட்டை மூட்டை ஏற்றி, வண்டிகள் கொழும்புக்குப் போகும். திரும்பும்போது அரிசியும் உப்பும் கருவாடுமாக வரும். மடுல்கெல்லைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த என் அண்ணன் கறுப்பையா, இவருக்கு மூன்று வண்டி இருக்கிறது என்பதற்காகத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார். அதைக் கல்யாணப் பந்தலிலேயே நாலு பேர் கேட்கச் சொன்னவர் அவர்.

பிறகு ரயில் வந்தது. "அது என்ன, தோட்டத்துக்குள்ளயா வந்து கோப்பி ஏத்தப்போகுது?" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறு வருஷம்தான் வீட்டுக்குள் ஒவ்வொன்றாக எனக்குச் சரியாகப் படாமல் போக ஆரம்பித்தது.

முதலில் அரிசி. கடைவீதியில் மர்சூக் நானாவின் கடையில்தான் எங்களுக்கு எப்போதும் சாமான்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். அரிசி மட்டும் இவரே போய் வாங்கி வருவார். அந்த மாசியிலிருந்து வந்ததெல்லாம் குறுணை. குறுணையிலும் பாதி கல். களைந்து களைந்து என் விரல் நுனி தேய்ந்தது. சோறு வெந்தால் பழஞ்சாக்கு வாடை அடித்தது. மூன்றாம் தடவை பொறுக்க முடியாமல் அந்த அரிசியை முந்தானையில் கட்டிக்கொண்டு கடைக்கே போய்விட்டேன்.

"நானா, இது அரிசியா, ஆத்து மணலா?"

மர்சூக் நானா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மழக்காலம் தங்கச்சி. கப்பல்ல வாரதே அப்படித்தான் ஈக்கிது."

"கப்பல் எனக்கு மட்டும் இப்பிடிக் கொண்டாருதா? பக்கத்து வீட்டுப் பாலம்மாவுக்கு நேத்து முத்து முத்தா அளந்திருக்கீங்களே."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு துண்டு மாசிக்கருவாட்டைத் தாளில் சுற்றி என் கையில் வைத்தார். காசு கேட்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் உறுதியாகிவிட்டது. குற்றம் செய்யாதவன் எதற்காகச் சும்மா கருவாடு கொடுக்கிறான்? அன்று முதல் வாரம் ஒரு தடவை அந்தக் கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் அவரை வாங்கு வாங்கென்று வாங்குவது என் வேலையாகிவிட்டது. வாய் வலிக்கப் பேசிவிட்டு வருவேன். அந்த மனுஷன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, மாடுகள். ஒரு நாள் சாயங்காலம் கட்டுத்தறியில் ஒரு ஜோடிதான் நின்றது. கேட்டேன்.

"கோமாரி பரவுது புள்ள. நாலு மாட்ட ஹந்தானையில ஒரு பட்டியில விட்டிருக்கேன். கொஞ்ச நாளைக்கு அங்க நிக்கட்டும்."

"வண்டிக்காரப் பயலுக எங்க?"

"ஊருக்குப் போயிருக்கானுங்க. அறுப்பு முடிச்சிட்டு வருவானுங்க."

மாடு பார்க்கப் போகிறேன் என்று வாரத்தில் மூன்று நாள், நாலு நாள், விடிந்ததும் சோற்றுப் பொட்டலத்தோடு கிளம்பிவிடுவார். வண்டி இருக்க நடந்தே போவார். இருட்டும் நேரத்தில் வருவார், வந்ததும் பேச்சில்லாமல் படுத்துவிடுவார். மாடு பார்த்துவிட்டு வருகிறவனுக்கு இத்தனை களைப்பு எங்கிருந்து வரும்? நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கு அவர் முதுகைத் தேய்த்துவிடுவது நான்தான். திடீரென்று, "நானே தேச்சுக்கிறேன்" என்று எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் துணி மாற்றும்போது தற்செயலாகப் பார்த்தேன். தோளிலும் பிடரியிலும் சிவப்புச் சிவப்பாகக் கீறல். நகம் பட்ட மாதிரி. ஹந்தானைப் பட்டியில் நிற்பது நாலு கால் மாடு இல்லை, இரண்டு கால் சிறுக்கி ஒருத்தி என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். எனக்குக் குறுணை, அவளுக்கு நல்ல அரிசி. மர்சூக் நானாவும் இதற்கு உடந்தை. கருவாடு கொடுத்து என் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாகப் பொருந்தியது.

கடைசியாகக் கொட்டகைக்கு ஆமைப்பூட்டுப் போட்டார். அதுவரை அந்தக் கொட்டகைக்குப் பூட்டே கிடையாது. அந்தக் குப்பையை எந்தத் திருடன் தூக்குவான்? சாவியை இடுப்பு அரைஞாணில் கட்டிக்கொண்டார். நான் தட்டி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரு வண்டி நின்றது. பின்னால் இருட்டில் சாக்கும் கீற்றுமாக இரண்டு குவியல், ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சக்கரம் தெரிந்தது. வண்டி மூன்றும் இருக்கின்றன. அப்படியானால் பூட்டு எதற்கு? அவளுக்கு வாங்கிய சேலை துணிமணியைத்தான் அந்தக் குப்பைக்குள் ஒளித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆயுத பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது மடுல்கெல்லைக்குப் போகிற ஆள் ஒருவரிடம் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். "பூசை அன்னைக்கு வந்து, மூணு வண்டியையும் வெளிய இழுக்கச் சொல்லி, கொட்டகைய நல்லாப் பாருண்ணே. ஏதாவது கெடைச்சா, என்னைய ஒங்கூடவே கூட்டிக்கிட்டுப் போயிரு." அண்ணன் வருவதாகப் பதில் அனுப்பினார்.

எங்கள் சனத்தில் ஆயுத பூசை அன்றைக்கு எந்த வண்டியும் ஓடக்கூடாது. எங்கே இருந்தாலும் முதல் நாளே வீடு திரும்பிவிட வேண்டும். எல்லா வண்டியையும் முற்றத்துக்கு இழுத்து, கழுவி, சக்கரத்துக்குச் சக்கரம் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பார்கள். தீபம் காட்டி முடிந்ததும் கையால் ஓரடி உருட்டிப் பழத்தை நசுக்குவார்கள். அதனால் அன்றைக்கு, வண்டி தோட்டத்துக்குப் போயிருக்கிறது, சவாரி போயிருக்கிறது என்று ஒரு மனுஷனும் கதை விட முடியாது. அதை நினைத்துத்தான் நான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

பூசைக்கு இரண்டு நாள் முன்னால் இவர் வழக்கம்போல மாடு பார்க்கப் போன பிறகு, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணன் கண்டுபிடிப்பதை நானே முதலில் கண்டுபிடித்துவிடலாம் என்று, கொட்டகையின் பின்பக்கத் தட்டியைப் பிரித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். முதல் குவியலில் இருந்த சாக்கைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் சரிந்து என் காலருகே விழுந்தது. ஆரக்கால் உடைந்த அதே பழைய சக்கரம். அதற்குப் பின்னால் வண்டி இல்லை. கால் போன கதிரைதான் இருந்தது. அதன்மேல் பிளந்த நுகத்தடியை நிறுத்தி, கீற்றைப் போட்டு மூடி, பக்கத்துக்கு ஒரு சக்கரத்தைச் சாய்த்து வைத்திருந்தார். இரண்டாவது குவியலும் சாக்கும் லாந்தருமாக அப்படித்தான்.

நான் எறியச் சொன்ன குப்பை முழுவதும் அங்கே வண்டியாக நின்றது.

சேலை ஒன்றும் கிடைக்கவில்லை. கதிரைக்கு அடியில், மூட்டை தூக்குகிறவர்கள் வைக்கிற சும்மாடு ஒன்றுதான் கிடைத்தது. சாக்கை மடித்துத் தோளுக்குத் தகுந்தபடி கோணல்மாணலாகத் தைத்திருந்தது. அவருக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. அதில் கோப்பித் தோல் ஒட்டியிருந்தது, வேர்வை நாற்றம் அடித்தது. அதன் முரட்டு ஓரத்தை என் முழங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சிவப்பாகக் கீறியது.

அப்படியே மர்சூக் நானா கடைக்கு ஓடினேன். நல்ல வேளை, கடையில் வேறு யாரும் இல்லை. சும்மாட்டை மேசைமேல் போட்டு, "உண்மையச் சொல்லுங்க நானா" என்றேன். அவர் அதைப் பார்த்தார். வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மூக்கையா ரெண்டு வண்டியையும் மாட்டோட வித்து எட்டு மாசம் தங்கச்சி. கொழும்பு ஓட்டம் இல்லாம எப்படித் தீனி போடுறது? இப்ப பேராதனை ஸ்டேசன்ல மூட்ட தூக்குறாரு. நான் சாமான் எடுக்கப் போன எடத்தில கண்ணால கண்டேன். என்னக் கண்டதும் மூட்டையோட அந்தப் பக்கம் திரும்பிட்டாரு."

"அரிசி?"

"நல்ல அரிசி வேணாம், குறுணை போதும்டு அவருதான் சொன்னாரு. வீட்டில கேட்டா, பழிய எம்மேல போடட்டுமாண்டு கேட்டாரு. போடுங்கண்டு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

எட்டு மாதமாக நான் நானாவை எத்தனை பேர் முன்னால் என்னென்ன கேட்டிருக்கிறேன் என்று நினைத்ததும் நாண்டுகொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். "அழப்படாது தங்கச்சி" என்று அவர் சும்மாட்டை மடித்து என்னிடம் நீட்டினார்.

வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான். அண்ணன் வருகிறார். நான்தான் வரச் சொன்னேன். மூன்று வண்டிக்காக என்னைக் கொடுத்தவர், முற்றத்தில் நின்று மூன்று வண்டியையும் இழுக்கச் சொல்வார். ஊரே பார்க்க இவர் தலைகுனிந்து நிற்பார். அண்ணனைத் தடுக்க இனி ஆள் அனுப்பினாலும் பாதி வழியில்தான் சந்திக்க முடியும்; கிளம்பிவிட்டால் அண்ணன் திரும்பிப் போகிற ஆள் இல்லை. சும்மாட்டை எடுத்த இடத்திலேயே வைத்து, சக்கரத்தைச் சாய்த்து, தட்டியைக் கட்டினேன். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால், முகத்தை ஒளித்து வைக்க அவருக்கு வீட்டில்கூட ஓர் இடம் இல்லாமல் போய்விடும் என்று பட்டது. அன்றைக்குச் சோற்றில் கல் இருந்தது. நானாவைத் திட்டாமல் அதைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பூசை அன்று காலையிலேயே அண்ணன் வந்துவிட்டார். கூடவே தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர். பக்கத்து வீட்டுப் பாலம்மாவும் அவர் வீட்டாரும் பொரி கடலைக்கு வந்து நின்றார்கள். வீட்டுக்காரர் குளித்துத் திருநீறு பூசி, ஆறு எலுமிச்சம்பழம் வைத்த தட்டோடு கொட்டகை வாசலில் நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

"என்ன மாப்பிள்ள, பூட்டெல்லாம் பலமா இருக்கு? மூணையும் இழுங்க, நாங்களும் கை குடுக்கிறோம்" என்றார் அண்ணன். என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

இவர் சாவியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தும் அது பூட்டுக்குள் போகவில்லை. நான் படியிறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"வண்டி ஒண்ணுதாண்ணே இருக்கு. ரெண்ட வித்தாச்சு."

"வித்தாச்சா? யாரக் கேட்டு?"

"எங்கிட்டக் கேட்டுத்தான். ரயிலு வந்த பெறகு வச்சிருந்து என்ன செய்ய? நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் வித்தோம்."

அண்ணன் என்னையே பார்த்தார். "அப்ப எனக்குச் சொல்லியனுப்பினது?"

"பூசைக்கு வரச் சொல்லித்தானே சொன்னேன். வந்துட்டீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

அண்ணன் முறைத்தார். கூட வந்த தோட்டத்து ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இருந்த ஒரு வண்டியை இழுக்கக் கை கொடுத்தார்.

பொட்டு வைத்து, தீபம் காட்டி, இரண்டு பழத்தையும் நசுக்கி முடிந்தது. அதுவரை இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு தட்டோடு வந்து என் முன்னால் நின்றார். மிச்சம் நாலு பழத்தையும் எடுத்து ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"எப்பத் தெரியும் புள்ள?"

"முந்தாநேத்து. குடுங்க, ஊறுகா போடுவோம்."

ஊறுகாய்க்கு நாலு பழம் காணாது. மறுநாள் நானே மர்சூக் நானா கடைக்குப் போய் இன்னும் ஆறு வாங்கினேன். கடையில் கூட்டம் இருந்தது. என்னைக் கண்டதும் நானா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"குறுணை ஒரு கொத்து அளங்க நானா," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "எங்களுக்கு அதுதான் வேணும்."