மாமா காட்டிய கோட்டைகள்

ஜூலை வெயிலில் பகல் முழுவதும் காய்ந்த அந்த மஞ்சள் கல்லில் உள்ளங்கையை வைத்தால், பேக்கரிப் போறணையிலிருந்து அப்போதுதான் எடுத்த பாணைத் தொட்டது போலிருக்கும். அதே சுவரின் உட்பக்கத்தில், சுழன்று ஏறும் படிக்கட்டின் இருட்டுக்குள் கால் வைத்ததும், ஈரமும் வௌவால் எச்சமும் கலந்த ஒரு குளிர் மணம் மூக்கில் ஏறும். பிரான்சின் தென்மேற்கில், தோர்தோன் ஆறு வளைந்து வளைந்து போகிற ஒரு பள்ளத்தாக்கில், பதினொரு வயதில் நான் முதன்முதலாக ஏறிய கோட்டை அது.

ஊரில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். ஒஸ்லோவில் எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களெல்லாம் கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய், நன்றாகக் கறுத்து, பெட்டி நிறைய மிளகாய்த்தூளோடு திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒஸ்லோ புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிக்கட்டடத்தில் நாங்கள் மட்டும் பிரான்சுக்குப் போக ஆயத்தமானோம். அம்மாவுக்கு இருந்த ஒரே தம்பி, சிவா மாமா, அங்கே ஒரு கிராமத்தில் இருந்தார். பல வருடம் இழுபட்டு அப்போதுதான் அவருக்கு வதிவிடக் 'கார்ட்' கிடைத்திருந்தது. ஆனால் கோடையில் அவருக்கு நீண்ட லீவு கொடுக்க மாட்டார்கள் என்பதால், பதினான்கு வருடமாகக் காணாத தம்பியைத் தானே போய்ப் பார்ப்பதென்று அம்மா முடிவெடுத்தார். மாமா அங்கே ஒரு ரெஸ்ரோரண்டில் 'குக்'காக இருக்கிறார் என்பது எங்கள் வீட்டில் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா பஸ் ஓட்டுபவர். வருடம் முழுவதும் ஓட்டிவிட்டு விடுமுறையிலும் மூன்று நாள் ஓட்டுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தம்பிக்கென்று வாங்கிய கருவாட்டுப் பொதி பற்றித்தான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். சுவீடனும் டென்மார்க்கும் ஜெர்மனியும் அந்த மணத்தோடு கடந்துபோயின. நான் பின் இருக்கையில் காலை நீட்டிப் படுத்து, என் வகுப்பில் எல்லோரும் கடற்கரைக்குப் போகும்போது நாங்கள் மட்டும் ஏன் கிழட்டுக் கட்டடங்களைப் பார்க்கப் போகிறோம் என்று நொர்ஸ்க் மொழியில் புறுபுறுத்தேன்.

மாமா கிராமத்து எல்லையில், ஒரு வாதுமை மரத்தடியில் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அம்மா காரிலிருந்து இறங்கி அவருடைய இரண்டு கன்னங்களையும் பிடித்தபடி நின்றார். "மெலிஞ்சு போனாய் தம்பி" என்பதுதான் கடைசியில் வந்தது.

எங்களுக்காக அவர் இரண்டு நாள் லீவு எடுத்திருந்தார். அந்த இரண்டு நாளிலும் அவர் காட்டியவற்றை இப்போது நினைத்தால், அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் தன் சொந்த வளவுபோல அவர் எங்களுக்குச் சுற்றிக் காட்டினார் என்று தோன்றுகிறது. ஆற்றின் ஒரு கரையில், செங்குத்தான பாறையின் விளிம்பில் ஒரு கோட்டை; எதிர்க்கரையில், சற்றுத் தள்ளி, அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு இன்னொன்று. நடுவில் ஆறு, கணுக்கால் தெரியும் அளவுக்குத் தெளிவாக, தோணிகளில் வந்த பிள்ளைகளின் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு வந்த இடத்தில் யாரோ சொல்லக் கேட்டும், உல்லாசப் பயணிகளுக்குக் கொடுக்கும் தாள்களைச் சேர்த்து வைத்து வாசித்தும் மாமா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தார். கல்லெறியும் மரப்பொறி எப்படி வேலை செய்யும், கொதிக்கும் எண்ணெயை எந்த ஓட்டைவழியாக ஊற்றுவார்கள், முற்றுகைக் காலத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று சொன்னார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

உச்சியில் காற்று பலமாக அடித்தது. மாமா எதிர்க்கரையைக் காட்டி, "உதிலை இங்கிலிஷ்காரன், இதிலை பிரெஞ்சுக்காரன். நூறு வருசம் அடிபட்டவங்கள் அத்தான்" என்றார்.

அப்பா வெகுநேரம் அம்பு எய்யும் துவாரத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இப்ப டிக்கட் வித்துக் காட்டுறாங்கள்" என்று மட்டும் சொன்னார்.  எனக்கு அது விளங்கவில்லை. கால் நோகிறது என்றும் பசிக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா என்னைத் தன் தோளில் ஏற்ற முயன்றார். பதினொரு வயதுப் பெண்ணைத் தூக்க முடியாமல் இருவரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் அவருக்கு மத்தியான வேலை. எங்களை மலையடிவாரத்துக் குகைக்குப் போகச் சொல்லிவிட்டு, ரெஸ்ரோரண்ட் பக்கம் வரவேண்டாம், முதலாளிக்கு வேலைநேரத்தில் ஆட்கள் வருவது பிடிக்காது என்றார். குகைக்குள் கூரையிலிருந்து சுண்ணக்கல் விழுதுவிழுதாகத் தொங்கியது; ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நீர், விழலாமா விழக்கூடாதா என்று யோசிப்பதுபோல நின்றது. வெளியே வந்தபோது எனக்கு அவசரமாகக் 'கக்கூசு'க்குப் போகவேண்டியிருந்தது. அப்பா காருக்குள் கண்ணயர்ந்துவிட்டார். அம்மா ஆற்றங்கரையில் செருப்பைக் கழற்றிவைத்துக் கால் நனைத்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் கேட்டால் கழிப்பறை தேடிக் கிராமம் முழுக்க என்னோடு நடப்பார் என்று நினைத்து, நானே மாமாவின் ரெஸ்ரோரண்டை நோக்கி ஓடினேன். முன்பக்கம் மேசைகள் நிறைந்திருந்தன. பின்பக்கமாகப் போய், திறந்திருந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

மாமா தொட்டியடியில் நின்றார். நெஞ்சுவரை றப்பர் ஏப்ரன், முழங்கைவரை கையுறை, முகமெல்லாம் ஆவி. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் கருகிய தட்டங்களைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, என்னவோ சுருக்காகச் சொல்லிப் போனாள். "வுய், வுய்" என்று தலையாட்டியபடி திரும்பியவர் என்னைக் கண்டார்.

அவர் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு என்னைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளியே வரும்வரை காத்திருந்தார். பிறகு பின்கதவடியில், என் உயரத்துக்குக் குந்தியிருந்து சொன்னார்:

"அக்காவுக்கு நான் சமைக்கிறனெண்டு சொல்லிப்போட்டன். கொஞ்ச நாளிலை சமைக்கத்தான் போறன், அவை பழக்கிறம் எண்டு சொன்னவை. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, என்ன பிள்ளை?"

"ஓம் மாமா" என்றேன். ஒரு பெரிய ஆள் என்னிடம் குந்தியிருந்து எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையிலேயே வீடுவரை வாயைத் திறக்காமல் வந்தேன்.

இலையுதிர்காலத்தில், ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. அங்கே வீடு வாங்கியிருந்த சுகந்தி அன்ரிக்கு வதனி என்று ஒரு தங்கை. சிறுவர் பள்ளி ஒன்றில் வேலை செய்தார். மாமாவுக்கு அவரைக் கேட்டால் என்ன என்று அம்மா நினைத்தார், அவர்களுக்கும் விருப்பம்போலத் தெரிந்தது. மாமாவின் படம் அங்கே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிட அழைத்தார்கள். பெரியவர்கள் கீழே கதைத்துக்கொண்டிருக்க, வதனி அக்கா என்னை மேலே தன் அறைக்குக் கூட்டிப்போய் நகத்துக்குப் பூச்சுப் பூசிவிட்டார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அவர் எங்கள் வீட்டு ஆளாக வரப்போகிறார் என்பதே எனக்கு ஒரு பரிசுபோலிருந்தது. சின்னவிரலைப் பிடித்துக்கொண்டு, அதிகம் ஆர்வம் காட்டாதவர்போல, "உம்மடை மாமா அங்கை என்ன சமைக்கிறவர்?" என்று கேட்டார்.

என்னிடம் இருந்த எல்லாவற்றிலும் மேலானது அந்த இரகசியம்தான். அதை அவருக்குக் கொடுத்தேன். "அவர் சமைக்கிறேல்லை, கோப்பை கழுவுறவர். ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். நொர்வேயில் பிறந்த எனக்குக் கோப்பை கழுவுவது ஒரு குறையாகத் தெரியவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பாதி உண்மை. சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்தியது எனக்கு நினைவிருக்கிறது.

வதனி அக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மற்ற விரல்களுக்கும் ஒழுங்காகப் பூசிவிட்டார்.

அந்தக் கிழமைக்குள் சுகந்தி அன்ரி போன் எடுத்தார். தங்களுக்கு விசயம் தெரியவந்துவிட்டது, பொய் சொல்லிச் சம்பந்தம் கேட்பது அழகில்லை என்றார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. வதனி அக்கா என் பெயரை அவருக்குச் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும். பாரிசில் உள்ள யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். பிறகு மாமாவை அழைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கோப்பை கழுவினா என்ன தம்பி, இவரும் பத்து வருசம் பள்ளிக்கூடம் கூட்டித் துடைச்சவர்தானே. நீ ஏன் என்னட்டைப் பொய் சொன்னனி?"

மறுமுனையில் மாமா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். சொன்னது யாரென்று எங்கள் ஆட்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்; தொட்டியடியில் அவரைக் கண்டது நான் மட்டும்தான். அடுத்த முறை போனில் என்னோடு கதைத்தபோது, பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது, பனி கொட்டத் தொடங்கிவிட்டதா என்று கேட்டார். பனி கொட்டுகிறது என்றேன்.

அதன்பின் நாங்கள் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகவில்லை. வதனி அக்கா கனடாவில் கலியாணம் செய்தார். மாமாவுக்கு வேறு பேச்சுகள் வந்தன, ஒன்றும் பொருந்தவில்லை. எனக்குப் பதினேழு வயதானபோது அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு படம். இரட்டைப் பொத்தான் வரிசை வைத்த வெள்ளைக் கோட்டுடன் அடுப்படியில் நின்றார். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஆருடைய சட்டையை வாங்கிப் போட்டானோ" என்று மேசை லாச்சிக்குள் வைத்தார். சில நாள் கழித்து மாமா அழைத்தபோது நான்தான் போனை எடுத்தேன்.

"இப்ப உண்மையாவே சமைக்கிறன் பிள்ளை" என்றார்.

"ஓம் மாமா, நல்லது" என்றேன். அந்த வசந்தத்தில் எங்கள் வீடுகளில் ஊரிலிருந்து வரும் கடைசிப் போரின் செய்தியைத் தவிர வேறு எதற்கும் காது இருக்கவில்லை. ஆனால் நான் அவரை நம்பாததற்கு அது காரணமில்லை. என் குரலில் இருந்ததை அவர் கேட்டிருக்க வேண்டும். அம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

சில வருடங்களில் அந்த ரெஸ்ரோரண்டை மூடிவிட்டார்கள். மாமா பாரிசின் ஓரத்தில் ஒரு களஞ்சியசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான், ஒரு மாசி மாதம், நெஞ்சுநோவு வந்து இறந்தார். அம்மாவும் அப்பாவும் போய்வந்தார்கள். நான் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி, விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றார்கள்.

போன கோடையில் கணவரோடும் மகளோடும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனேன். கோட்டைகள் இரண்டும் இருக்கின்றன, டிக்கட் வரிசை மட்டும் நீண்டிருக்கிறது. ரெஸ்ரோரண்ட் இருந்த கட்டடத்தில் தோணி வாடகைக்கு விடுகிறார்கள். பின்கதவு இருந்த இடத்தைக் கல்லால் அடைத்துவிட்டார்கள், புதிய கல் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. பக்கத்துப் பாண் கடையில் இருந்த வயதான பெண்ணிடம், என் அரைகுறைப் பிரெஞ்சில், முன்பு இங்கே வேலை செய்த ஓர் இலங்கைக்காரரைத் தெரியுமா என்று கேட்டேன். "சிவா" என்று அவரே பெயரைச் சொன்னார். ஆறு வருடம் அங்கே சமைத்தவர் சிவாதான், ஞாயிறுகளில் மேல்கிராமங்களிலிருந்து அவருடைய வாத்துக்காக ஆட்கள் வருவார்கள், புளியும் மிளகும் போட்டு என்னவோ செய்வார் என்றார். பிறகு, நீங்கள் அவருடைய சொந்தமா, வீட்டுக்கு வரும்போது உங்களுக்கும் அதைச் சமைத்துத் தருவாரா என்று கேட்டார்.

மாமா சமைத்து நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. இதைச் சொல்லப் போதிய பிரெஞ்சு என்னிடம் இருந்தது. ஆனாலும் ஆம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆற்றங்கரையில் இருந்து அம்மாவுக்குப் போன் எடுத்து, பாண் கடைக்காரி சொன்னதையெல்லாம் சொன்னேன்.   "அப்ப அவன் சொன்னது மெய்தானோ" என்றார் அம்மா. கொஞ்சம் கழித்து, "அண்டைக்கு அவையளுக்குப் போய்ச் சொன்ன ஆளை மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தால்" என்றார்.

மகள் தண்ணீருக்குள் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது நான்தான் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல ஒரு நேரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. பிறகு எடுக்கிறேன் அம்மா என்று போனை வைத்தேன்.