மீட்டர் கொடியைத் தூக்கிய டாக்சிக்காரர்

1971-ஆம் வருடம், சித்திரை மாதம். ஏழு மாதக் கைக்குழந்தையோடு கோவில்பட்டியில் ரயிலேறி, மறுநாள் காலை சென்னை எழும்பூரில் தனியாக வந்து இறங்கினேன். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்த என் கணவர், திருவொற்றியூரில் வீடு பிடித்துவிட்டு எங்களை வரச் சொல்லியிருந்தார். அன்று அவருக்குக் காலை ஷிஃப்ட், லீவு தரமாட்டார்கள். எனக்குத் துணையாக வந்தது அவர் எழுதிய கடிதம்தான்.

கடிதமா அது? நான்கு பக்கத்துக்கு டாக்சிச் சட்டம்! ஏறும்முன் வண்டி நம்பரைக் குறித்துக்கொள். ஊருக்குப் புதுசு என்று காட்டிக்கொள்ளாதே. யானைக்கவுனி, ராயபுரம், தண்டையார்பேட்டை, அப்புறம் திருவொற்றியூர். இந்த வழி மாறவே கூடாது. மீட்டர் கொடி படுத்திருந்தால்தான் மீட்டர் ஓடும். வழியில் கொடியைத் தூக்கினால் அவன் வாயில் வந்ததுதான் கூலி, உடனே சத்தம் போடு. இவ்வளவு எழுதியவர் யார் தெரியுமா? முதல் தடவை வந்தபோது எழும்பூரிலிருந்து திருவொற்றியூருக்கு அடையாறைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்த புத்திசாலி.

நானும் சொன்னபடியே செய்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு டாக்சியின் டிரைவர் பார்க்கும்படியே முன்னால் போய் நின்று, நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதினேன். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, வெற்றிலை வாய். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

குழந்தைக்குத் திருச்சி தாண்டியதிலிருந்து வயிற்றுப்போக்கு. ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். விடியும்போது நின்றுவிட்டது. பால் குடிக்கவில்லை, ஆனால் அழவும் இல்லை. பிள்ளை சமத்தாகத் தூங்குகிறான் என்று நிம்மதியாக மடியில் போட்டுக்கொண்டேன்.

யானைக்கவுனி தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்க்க ஆரம்பித்தார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முறைத்தேன். ராயபுரத்தில் ஒரு லாரி பக்கத்திலேயே வந்து காது கிழிய ஹாரன் அடித்தது.

“இன்னாம்மா, இம்மா சத்தத்துக்கும் கொயந்த கண்ணத் தொறக்கல? இங்க ஒரு ஆஸ்பத்திரி கீது, காட்டிட்டுப் போலாமா?”

“அவன் தூங்குதான். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. வழியில எங்கயும் நிறுத்தக் கூடாது.”

அவர் மறுபடி கண்ணாடியில் பார்த்தார். சட்டென்று கையை நீட்டி மீட்டர் கொடியைத் தூக்கினார். வண்டி ஒரு சந்துக்குள் திரும்பியது.

நான் கதவைத் திறந்து, “திருடன்! பிள்ளையக் கடத்துதான்!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். வண்டி நின்றது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஒருவர் ஓங்கி ஓர் அறையும் விட்டார்.

“அடிக்கிறதுன்னா அப்பால அடி நைனா. மொதல்ல கொயந்தயப் பாரு” என்றார் அவர்.

மீன்கூடையோடு வந்த ஓர் அம்மா கூடையை இறக்கிவிட்டு, குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். “அடிப்பாவி, உச்சிக்குழி உள்ள வாங்கிகீது. தூங்குதுன்னு வேற சொல்லிக்கினுகீற!”

சந்தின் முனையில்தான் அந்தச் சிறிய ஆஸ்பத்திரி. நான் ஓடினேனா, அவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்களா என்று இன்றும் தெரியாது. உடம்பில் தண்ணீரே இல்லை என்று சொல்லிக்கொண்டே கன்னியாஸ்திரி ஒருவர் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார். நான் சுவரோரம் உட்கார்ந்து, என் பிள்ளையை நானே கொல்லப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். பன்னிரண்டு மணி வாக்கில் அவன் வீல் என்று அழுதான். ஏழு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்த அழுகைதான். அன்று அதைவிட இனிமையாக நான் எதையும் கேட்டதில்லை.

மருந்தெல்லாம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது இரண்டு மணிக்கு மேல் ஆகியிருந்தது. டாக்சி வாசலிலேயே நின்றது. கன்னம் வீங்கிய மனுஷர், எனக்காக டீயும் பன்னும் வாங்கி வைத்திருந்தார்.

“கொடியை ஏன் தூக்குனீங்க?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்குத் திரும்பற வயிக்கு உன்னாண்ட துட்டு வாங்குனா நான் வெளங்குவனா? அதான் மீட்டர நிறுத்திட்டேன். சொல்லிட்டுத் தூக்கியிருக்கணும். அவசரத்துல தோணல.”

தப்பைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் மறுபடி கொடியைச் சாய்த்தார். தண்டையார்பேட்டை தாண்டும்போது, “மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். என் காதுக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவருக்கு எங்கே கேட்டிருக்கும்? எதிரே லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தெருமுனையில் என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, எங்களைக் காணாமல் தவித்துக்கொண்டு நின்றார். டாக்சியைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார். நான் நடுவில் நின்று நடந்ததைச் சொன்னேன். மடித்த சட்டைக் கையை அவரே இறக்கிவிட்டுக்கொண்டார். மீட்டர் காட்டியதற்கு மேல் டிரைவர் ஒரு காசும் வாங்கவில்லை. கிளம்பும்போது என்னைப் பார்த்து, “என் நம்பர எய்தி வெச்சியே, கிய்ச்சிப் போட்றாத. கொயந்தைக்கு எதுனா ஒண்ணுன்னா ராயபுரம் ஸ்டாண்டுல அந்த நம்பரச் சொல்லு. வந்து நிப்பேன்” என்றார்.

போலீசில் கொடுக்க எழுதிய நம்பர் அது. இன்றும் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. பேத்தி வெளியூர் போகும்போது, டாக்சி நம்பரைக் குறித்துக்கொள் என்று நானும்தான் சொல்கிறேன். அதில் தப்பில்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. திருடன் என்று தெருவைக் கூட்டிக் கத்திய நான், மன்னிப்பை மட்டும் யார் காதிலும் விழாமல் முணுமுணுத்தேன். அந்தக் கடனுக்காகத்தான் இன்று இத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்கிறேன்: அண்ணே, என்னை மன்னித்துவிடுங்கள்.