தமிழ்ல சொல்லும்மா

ஓசூரில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காய்கறிக் கடையில், டவுன் பஸ்ஸில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போதுகூட, "அட, சேத்து வெக்கிற அக்கா!" என்பார்கள். உள்ளூர் கேபிள் சேனலில் புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பேசித் தீர்க்கும் நிகழ்ச்சி நடத்துகிறேன். முறைத்துக்கொண்டு வருகிறவர்கள் கைகோத்துக்கொண்டு போவார்கள். கைதட்டல், பிறகு பட்டுப்புடவை விளம்பரம். இதுதான் என் பிழைப்பு.

டிவிக்கு வருமுன் ஒரு தொழிற்சாலையில் ஒயர் கோத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆண்டு விழாவில் மேடையேற யாரும் முன்வராததால், "நீதான் மூணு பாஷையும் பேசுவியே" என்று என் கையில் மைக்கைத் திணித்தார்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் திறமை என்றே சொல்லமாட்டார்கள். ஆனாலும் வாய் நிறையப் பேசினேன், கூட்டம் சிரித்தது. விழாவைப் படமெடுக்க வந்த கேபிள்காரர்கள் மறுவாரமே ஆள் அனுப்பினார்கள். மூன்று பாஷைக்காக எடுத்தவர்கள் முதல் நாள் சொன்னது என்ன தெரியுமா? நிகழ்ச்சியில் தமிழ் மட்டும்தான்.

எங்கள் புரொட்யூசர் தெற்கேயிருந்து வந்தவர். "கன்னடம் போட்டா ஒருத்தன் போன் போட்டு வைவான், தெலுங்கு போட்டா இன்னொருத்தன் வைவான். கீழ எழுத்து ஓட்ட நமக்கு ஆளும் கெடையாது. வேற பாஷை வந்துச்சுன்னா எடிட்டிங்ல வெட்டிருவோம் மேடம், அவ்வளவுதான்" என்றார். அவருக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது.

பாகலூர் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல்தான் ஸ்டூடியோ. லாரி ஹாரன் அடித்தால் பேச்சை நிறுத்த வேண்டும். கைதட்ட, ஷிப்ட் முடிந்த பெண்களைக் கம்பெனி பஸ்ஸிலேயே கூட்டி வருவார்கள். அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போடச் சொல்வோம். பாவம், பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள்.

விருந்தாளிகள் எல்லோரும் நல்ல தமிழில்தான் ஆரம்பிப்பார்கள். வலிக்கிற இடம் வந்ததும் வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவார்கள். நான் கையைத் தூக்கி, "தமிழ்ல சொல்லும்மா" என்பேன். அவர்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டு தமிழைத் தேடுவார்கள். தேடுகிற நேரத்தில் கோபம் பாதி இறங்கியிருக்கும். கடைசியில் கிடைப்பது, "கொஞ்சம் மனஸ்தாபம்க்கா" என்பது மாதிரி ஏதோ ஒன்று. மனஸ்தாபத்தைச் சேர்த்து வைப்பதா கஷ்டம்? வீட்டிலும் தமிழே பேசுகிற ஜோடி வந்தால் பெரும்பாலும் சேரமாட்டார்கள். அந்த வாரம் புரொட்யூசர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

பாகலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை மறக்க முடியவில்லை. அங்கேயே ஒரு பாக்டரியில் பேக்கிங் வேலை. புருஷன் வீட்டுக்குத் திரும்ப முடியாது என்று தெலுங்கில் கொட்டித் தீர்த்தாள். வழக்கம்போலக் கையைத் தூக்கினேன். பேச்சு நின்றது. "விட்டுக்கொடுத்துப் போனாத்தான் குடும்பம்" என்று என்னுடைய பாடத்தை ஒப்பித்தேன். "சரிக்கா" என்றாள். ஒளிபரப்பில் பார்த்தபோது அவள் கைக்குட்டை இடது கையில் இருந்தது, அடுத்த நொடி வலது கையில் இருந்தது. நடுவில் வெட்டியிருக்கிறார்கள். எடிட்டர் கவனிக்கவில்லை, ஊரும் கவனிக்கவில்லை.

இனி என் வீட்டுக் கதை. என் கணவர் என்னை அடிக்கமாட்டார். அடித்திருந்தால் யாரிடமாவது காட்டியிருக்கலாம். ஸ்டூடியோவுக்கு அவரே பைக்கில் கொண்டுவந்து விடுவார். தன் கம்பெனி ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஷூட்டிங் முடிகிறவரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் என் போன் அவர் சட்டைப் பையில் போய்விடும். நிகழ்ச்சியில் எந்த ஆம்பிளை சொன்னதற்காவது நான் சிரித்திருந்தால் அந்த வாரம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. கண்ணாடி முன்னால் நின்றால் யாருக்காக என்று கேட்பார். ஊரெல்லாம், "உங்க வீட்டுக்காரர் எவ்ளோ பாசம்!" என்கிறது. எனக்கு மூச்சு முட்டியது.

தளியில் ரோஜாவும் முட்டைக்கோஸும் பயிரிடுகிற என் அம்மாவிடம் போய், அவரை விட்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்றேன். அவள் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "ஊர்ல இருக்கறவளுங்க எல்லாம் உன் பேச்சக் கேட்டு புருஷன் வீட்டுக்குப் போறாளுங்க. நீ மட்டும் வந்துட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சந்தைக்குப் போறது?" அவளுக்கும் என் நிகழ்ச்சி என்றால் உயிர். சாயங்காலம் கணவர் வந்து கூட்டிக்கொண்டு போனார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து வழியனுப்பினாள்.

அப்போதுதான் ஆண்டு நிறைவுச் சிறப்பு நிகழ்ச்சி என்று வந்தது. "ஒரு மாறுதலுக்கு நீங்களும் சாரும் சோபால உக்காருங்க, நான் கேள்வி கேக்கேன்" என்றார் புரொட்யூசர். கணவர் அன்றைக்கே புதுச் சட்டை எடுத்துவிட்டார். எனக்கு வேறு கணக்கு ஓடியது. கேமரா முன்னால் ஒரே ஒரு தடவை, இந்த மனிதரோடு இனி வாழமாட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும். ஊர் முழுக்கப் பார்த்த பிறகு என்னை யார் திருப்பி அனுப்ப முடியும்? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தமிழில் ஒத்திகை பார்த்தேன். எளிமையான வாக்கியங்கள், என் குரலில் எடுப்பாகவே வந்தன.

படப்பிடிப்பன்று தலை நிறைய மல்லிகை வைத்து அந்த சோபாவில் உட்கார்ந்தேன். இத்தனை நாளாக எதிரே இருந்து பார்த்தது. உட்கார்ந்தால்தான் தெரிகிறது, உள்ளே அமுங்கிவிடும், சட்டென்று எழுந்திருக்க முடியாது. புரொட்யூசர் கேட்டார், கணவர் பதில் சொன்னார்: "அவளுக்கு என்னாங்க குறை? சந்தோஷமா இருக்கறா. ஒரு நாள்கூடத் தனியா விட்டதில்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தலையில் இருந்த பூவைப் பிடுங்கி மடியில் போட்டேன். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, போன், கண்ணாடி, பேசாத வாரங்கள், இன்றோடு சரி என்பது வரைக்கும். கைதட்ட வந்த பெண்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சும்மா பார்த்தார்கள். புரொட்யூசர் என்னைப் போலவே கையைத் தூக்கி, "தமிழ்ல சொல்லுங்க மேடம்" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, நான் பேசியதெல்லாம் தெலுங்கில்.

தமிழைத் தேடினேன். ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட அகப்படவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, விளக்குச் சூட்டில் வியர்த்தது. சோபாவுக்கு முன்னால் கேமரா இருந்தால் என் வாய்க்குத் தெரிந்த தமிழ் ஒன்றுதான். "விட்டுக்கொடுத்துப் போறதுதான் சார் குடும்பம்" என்றேன். சத்தியமாக நான்தான் சொன்னேன். கைதட்டினார்கள்.

கிளம்பும்போது கணவர் புரொட்யூசரிடம், "நடுவுல பேசினது டிவியில வராதுல்லங்க?" என்று கேட்டார். "வராது சார், நம்ம ரூல்தான் தெரியுமே" என்றார் அவர். ஒளிபரப்பான அன்று வீட்டில் உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். கணவர் எல்லோருக்கும் கேசரி வாங்கி வந்திருந்தார். டிவியில் நான் சிரித்தேன், பிறகு விட்டுக்கொடுத்தேன். அழுகைகூட வராத அளவுக்கு ஆத்திரமாக இருந்தது.

சில நாள் கழித்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். கணவர் எதிர்ச்சாரியில் பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி போனை நீட்டிக்கொண்டு வந்து, "அக்கா, ஒரு செல்பி" என்றாள். கைக்குட்டைக்காரி, அந்தப் பாகலூர்ப் பெண். கணவர் தலையாட்டி அனுமதித்தார். அவள் என் தோளோடு தோள் ஒட்டி நின்று, போனைத் தூக்கிப் பிடித்து, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தெலுங்கில் கேட்டாள்:

"டிவியில பூ தலையில இருந்துச்சு. அப்புறம் பாத்தா மடியில இருக்குது. நடுவுல என்னாக்கா சொன்னே?"

நானும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தெலுங்கிலேயே சொன்னேன். பெஞ்சிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் போனை இறக்காமல் கேட்டாள். பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள்.

"நானும் அன்னிக்கு இதேதான்க்கா சொன்னேன்" என்றாள் அவள். "நீ தமிழ்ல சொல்லச் சொன்னே. அதனால அவன் வீட்டுக்கே திரும்பிப் போயிட்டேன். இன்னும் அங்கதான் இருக்கறேன்."

எதிர்ச்சாரியில் ஹாரன் அடித்தது. போய் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன்.