ஒரே வெள்ளம், இரண்டு வருஷம்

ஆற்று அளவு அலுவலகத்தில் அவளைக் கோடு மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளம் எதுவரை ஏறும் என்று கணக்குப் போட்டு வரைபடத்தில் கோடு இழுப்பது பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. கரையோரத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பயம். இந்த முறை பயந்தது அவள்தான். புதுக் கோடு அக்கா வீட்டுத் தரைக்கு ஒரு சாண் மேலே போயிருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அது முடிவாகிவிட்டால் கோட்டுக்குள் இருக்கிற வீடுகளைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கணக்கில் மாயம் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் ஆறு அதிகபட்சம் எவ்வளவு ஓடியது என்று ஒரே ஒரு எண். அப்படி முப்பத்தெட்டு எண்கள். அவற்றைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, பொருந்துகிற ஒரு வளைகோட்டை வரைந்து நீட்டினால் நூறு வருஷ வெள்ளம் கிடைக்கும். அக்கா வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருவதற்கு இப்போதே ஏன் பெட்டி கட்ட வேண்டும், தொண்ணூற்றொன்பது வருஷம் கழித்து வந்து சொல் என்றார். எந்த வருஷத்திலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அடுத்த வருஷமேகூட வரலாம் என்று அவள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். அக்கா குறுக்கே வந்தாள்.

"நீ போட்ட கோடுதானே. கொஞ்சம் தள்ளிப் போடேன்."

"முடியாதுக்கா."

அன்றோடு பேச்சு நின்றது. ஒன்றரை மாதம். போனை எடுத்து எடுத்துப் பார்த்து அவளுக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை, அறிக்கையின் பின்னிணைப்புக்காக ஒவ்வொரு எண்ணுக்கும் தேதி எழுத உட்கார்ந்தாள். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். டிசம்பர் முடிந்ததும் பதிவேட்டு எழுத்தர் அந்த வருஷத்தின் பெரிய ஓட்டத்தைத் தேடி, தேதியோடு ஒரு நோட்டில் சிவப்பு மையால் எழுதி வைப்பார். இவள் அந்த நோட்டிலிருந்து எண்களை மட்டும் எடுத்திருந்தாள். இப்போது தேதியைப் பார்த்தால், பட்டியலின் முதல் பெரிய எண்ணுக்கு டிசம்பர் முப்பத்தொன்று. இரண்டாவது பெரிய எண்ணுக்கு மறுநாள், ஜனவரி ஒன்று. ஒரே வெள்ளம் இரண்டு வருஷத்துக்கும் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தது. எழுத்தர்மேல் குற்றமில்லை. ஆற்றுக்குத்தான் காலண்டர் தெரியாது.

ஒன்றை எடுத்துவிட்டால் கோடு இறங்கும். அந்தச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே சந்தேகமும் வந்தது. அக்காவுக்காகத் தன் கண்ணே இதைத் தேடிப் பிடித்ததோ? பக்கத்து மேசைக்காரர், கண்ணாடியின் தடிமனால் சோடாபுட்டி என்று பேர் வாங்கியவர். காரணம் எதுவும் சொல்லாமல் தினசரிப் பதிவேடுகளை அவர் தலையில் கட்டி, முதலிலிருந்து போட்டுத் தரும்படி கேட்டாள். இரண்டு நாள் அவர் முணுமுணுத்த முணுமுணுப்புக்கு அளவில்லை. வியாழன் மத்தியானம் அவள் மேசையில் ஒரு தாளை வைத்தார்.

"ஒரே வெள்ளத்தை ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்க மேடம். வருஷத்தை ஆறு வத்துற மாசத்துல ஆரம்பிச்சா இந்த வம்பே வராது."

அந்த இரண்டாவது வருஷத்தின் உண்மையான பெரிய ஓட்டம் சாதாரணமானது. கோடு இரண்டு சாண் இறங்கியது. முப்பத்தொரு வீடுகள் வெளியே வந்தன, அக்கா வீடும் சேர்த்து. ஆற்றை ஒட்டிய எட்டு வீடுகள் உள்ளேயேதான் இருந்தன, அதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள்.

கூட்டத்தில் தன் தவற்றைத் தானே எழுந்து சொல்லி, புதுக் கோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் போன் செய்தாள். அக்கா எடுத்தாள். இவளே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நான் தள்ளிப் போடலக்கா. தப்பா எண்ணிட்டேன்."

"எந்த வெள்ளம்? படிக்கட்டுல நாலு படி மீதி விட்டுட்டு நின்னுச்சே, அதுவா?"

"அதேதான்."

"அன்னிக்கு நீ எங்க இருந்தே? என் வீட்டு வாசல்ல, என் கையப் பிடிச்சுக்கிட்டு, விடியுறவரைக்கும் அந்தத் தண்ணியத்தானே பாத்துக்கிட்டு இருந்தே. அது ஒரு வெள்ளமா ரெண்டு வெள்ளமான்னு என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பக்கத்திலும் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"சாயங்காலம் வா," என்றாள் அக்கா. "கட்டி வச்ச பெட்டியெல்லாம் நீதான் பிரிக்கணும்."