எந்தக் கை முதலில் இழுத்தது?

“எந்தக் கை முதல்ல இழுக்குது?” என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். என் தங்கைக்கு ஆறு வயதில் தொடங்கிய வலிப்பு. இப்போது அவளுக்கு இருபது. பதினான்கு வருஷம் பக்கத்திலேயே இருந்த எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை.

காரணம் உண்டு. லைட்ஹவுஸ் குப்பத்தில் அவள் மீன் காயும் மணலில் விழுந்தாலும் சரி, குழாயடியில் விழுந்தாலும் சரி, பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். சுற்றி நின்று முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். அவளுக்கு முதுகைக் காட்டி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் நிற்பார்கள். துணி விலகியிருக்கும், சில நேரம் நனைந்திருக்கும். வயசுப் பெண்ணை அந்தக் கோலத்தில் மற்றவர்கள் பார்க்கக் கூடாது, நாங்களும் பார்க்கக் கூடாது. அடங்கிய பிறகு திரும்பி, வாயைத் துடைத்து வீட்டுக்குக் கூட்டி வருவோம். இதுவரை அவளுக்கு வலிப்பு வரும்போது ஒருத்தியும் அவளைப் பார்த்ததில்லை.

மாத்திரையை மூன்று தரம் மாற்றி, இரண்டைச் சேர்த்து, அளவைக் கூட்டிப் பார்த்தாயிற்று. தூக்கமும் உடம்பும்தான் கூடின. இது மருந்துக்கு அடங்காத வகை என்றார் டாக்டர். இப்போது புதிதாக வந்திருப்பவற்றை விளக்கினார். மண்டையைத் திறக்காமல் சிறு துளை வழியே மெல்லிய லேசர் இழையை விட்டு, வலிப்பு கிளம்பும் இடத்தை மட்டும் சூடாக்கி அழிக்கலாமாம். ஒரே இடம் என்று அகப்படாவிட்டால், நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு கருவி வைத்துக் கழுத்து நரம்புக்கு விட்டுவிட்டு மின்சாரம் கொடுக்கலாமாம். அது குறைக்கும், பெரும்பாலும் அடியோடு நிறுத்தாது. எது என்று முடிவெடுக்க, மூளையில் எந்தப் பக்கம், எங்கே கிளம்புகிறது என்று தெரிய வேண்டும்; முதலில் இழுக்கும் கை அதைக் காட்டிக்கொடுக்குமாம். அதற்குத் தலையில் ஒயர்களை ஒட்டி, மாத்திரையைக் குறைத்து, கேமரா முன்னால் படுக்க வைத்து, வலிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

“வலிப்பு வரணும்னு காத்துகினு கெடக்கணுமா? இன்னா வைத்தியம் இது?” என்றாள் அம்மா. அவள்மீது எரிந்து விழுந்தேன். நான் பொன்னேரிக் கல்லூரியில் படித்தவள், எனக்கு எல்லாம் தெரியும். அம்மாவோ நைனாவோ வந்தால் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று, மாதக்கணக்கில் காத்திருந்து படுக்கை கிடைத்ததும் நானே துணைக்குப் போனேன்.

“வலிப்பு வந்தா பட்டனை அழுத்துங்க, போர்வைய எடுத்துடுங்க, கேமராவ மட்டும் மறைக்காதீங்க” என்றார் நர்ஸ். ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. வீட்டில் வாரம் தவறாமல் வந்து எங்கள் பிராணனை வாங்கும் சனியன், கூப்பிட்டால் வர மறுத்தது. “ஏசி ரூம்ல அதுக்கும் குளிருது போலக்கா” என்று தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள் காலை. இட்லித் தட்டோடு ஓர் ஆள் கதவைத் திறந்த அதே நேரம் அவள் கண் ஒரு பக்கமாக நிலைகுத்தியது. நைட்டி முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடந்தது. அந்த ஆள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான். அதற்குப் பிறகு நான் யோசித்துச் செய்தது எதுவுமில்லை. நர்ஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் டாக்டர் வீடியோவைப் போட்டுக் காட்டினார். கேமரா கதவுக்கு மேலே இருந்திருக்கிறது; திரை முழுக்க என் துப்பட்டா. இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்து, அவளுக்கு முதுகைக் காட்டி, முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். கீழே அவளுடைய பாதங்கள் மட்டும் துடிக்கின்றன. ஒயர்களின் பதிவில் இரண்டு பக்கமும் கலந்து கிடக்கிறதாம், அதை மட்டும் வைத்துத் துளை போட முடியாதாம். படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். மறுபடி முதலிலிருந்து வரிசை.

நர்ஸ்மீது கோபம், இட்லிக்காரன்மீது கோபம், இந்தப் பழக்கத்தை என் உடம்பில் ஏற்றிய குப்பத்தின்மீது கோபம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“இன்னொரு வாட்டி போடுங்க சார்” என்றாள் தங்கை. கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

“அதுல இன்னாடி கீது பாக்கறதுக்கு?” என்றேன்.

“வலிப்பு வர்றப்ப நான் எப்டி இருப்பேன்னு பாக்கணும்னு இருந்தேன்க்கா. அத்தினி பேரு சுத்தி நிக்கிறீங்க, ஒருத்தரும் சொன்னதில்ல. இதுலயாச்சும் தெரியும்னு நெனச்சேன்.”

பிறகு நர்ஸிடம், அடுத்த தடவை தனியாக வந்து இருக்கலாமா என்று கேட்டாள். கூடாது, துணைக்கு ஒருவர் கண்டிப்பாக வேண்டும் என்றார் நர்ஸ்.

“அப்போ நைனா வரட்டும்” என்றாள், என்னைப் பார்க்காமல். “அதுக்கு முந்தானையும் இல்ல, துப்பட்டாவும் இல்ல.”