கல்யாண மண்டபத்தில் என் மெஸ்

ஊத்துக்கோட்டையில் என் மெஸ் எங்கே என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி சத்தியவேடு ரோட்டில், ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்ற நிற்கும் இடத்துக்கு எதிரில். சந்தைக்கு வருகிறவர்கள், டிரைவர்கள், கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்ட் போகிறவர்கள் எல்லாரும் பல வருடமாக அங்கேதான் சாப்பிடுகிறார்கள். ஒருத்தர்கூட வழி தவறியதில்லை. போன் வழி காட்ட ஆரம்பித்த பிறகுதான் என் மெஸ் காணாமல் போனது.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். இந்த வட்டாரத்துக் கடைகள், கோயில்கள், பூண்டி ஏரி எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் போடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை காரில் சுற்ற வருகிறவர்கள் அதைப் பார்த்து உங்களிடம் வருவார்கள் என்றார்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் கோயிலுக்குப் போகிற கார்கள் எங்கள் ஊரில் பிரேக்கே போடுவதில்லை என்ற வயிற்றெரிச்சல் இங்கே எல்லாக் கடைக்காரருக்கும் உண்டு. அதனால் எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அதில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன்.

திருவள்ளூர் ரோட்டில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். டீ, போண்டா, தலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய ஒரு பெண் மேடையில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கடைப் பெயர் போடுங்கள், போட்டோ போடுங்கள், இப்போது ‘என் இருப்பிடம்’ என்ற பட்டனை அமுக்குங்கள் என்றாள். எல்லாரும் ஒரே நேரத்தில் அமுக்கினோம். பஞ்சர் கடைக்காரர், துணிக்கடைக்காரர், உரக்கடைக்காரர், கரும்பு ஜூஸ் போடுகிறவர், நான். அமுக்கும்போது எல்லாரும் இருந்தது மண்டபத்தில். அதனால் ஊத்துக்கோட்டைக் கடைகள் அத்தனையும் அந்த மண்டபத்துக்குள் இருப்பதாக ஆப்பில் ஏறிவிட்டது. எங்களுக்கு அது தெரியாது. மேடையில் நின்றவளுக்குமா தெரியாது? மைக்கைப் பிடித்துக்கொண்டு அமுக்குங்கள் அமுக்குங்கள் என்று அவசரப்படுத்தியது அவள்தானே?

அடுத்த ஞாயிறே போன் வந்தது. மண்டபம் பூட்டிக் கிடக்கிறது, உங்கள் மெஸ் எங்கே என்று ஒரு அம்மா கத்தினாள். ஆப்பில் வாழையிலைச் சாப்பாட்டு போட்டோவைப் பார்த்துக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம். வழி சொன்னேன். அதற்குள் அவள் வேறு எங்கோ சாப்பிடப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வாரா வாரம் இதே கதை. இடத்தை நாங்களே மாற்ற முடியாது, கம்பெனிதான் மாற்ற வேண்டும் என்று ஆப் சொல்லியது. கம்பெனிக்குப் பேசினால் அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் மேடம் என்றார்கள். பஞ்சர் கடைக்காரரும் பேசினார். அவரிடமும் அதே அப்டேட், அதே மேடம். அவர் குரலைக்கூடக் கேட்காத ஆட்கள் என் மெஸ்ஸையா தேடிக் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு பொதட்டூர்பேட்டையில், நெல் பயிரிடுகிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், அதே மண்டபம். கம்பெனிக்குப் போன் போட்டு, என் பெண்ணின் கல்யாணம், அந்த ஒரு நாளாவது என் மெஸ்ஸை ஆப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். நோட் பண்ணிக்கொண்டோம் மேடம் என்றார்கள். என்னத்தை நோட் பண்ணினார்களோ! அந்த ஞாயிறு காலையில், இன்று ஊத்துக்கோட்டை பக்கம் போய் வாருங்கள் என்று எல்லார் போனுக்கும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதில் முதல் படமே என் மெஸ் சாப்பாடு.

பெண்ணைப் பெற்றவள் முகூர்த்த நேரத்தில் மேடையை விட்டு இறங்க முடியுமா? நான் மேலே நின்றேன். வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கிற வேலை என் கொழுந்தனாருக்கு. காரில் வந்து இறங்கியவர்கள் அவரிடம், மெஸ் இங்கேதானே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்ன நினைப்பார்? என்னைத் தெரிந்தவர்கள், சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், தனியாகக் கவனிக்க வேண்டும் என்று நினைத்தார். கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார். அடுத்தடுத்து வந்த கார்களுக்கும் அதே மரியாதை.

எங்கள் பக்கம் இலை முன்னால் உட்கார்ந்தவரை நீ யார் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் அது பெரிய அவமானம். பரிமாறினவர்கள் என் மெஸ் ஆட்கள். காரில் வந்தவர்களை அவர்கள் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து இரண்டாம் தடவை வடை வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு விருந்தாளிகள் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வந்தவர்களும் சங்கோஜம் இல்லாமல் பாயசத்தை இன்னொரு டம்ளர் கேட்டுச் சாப்பிட்டார்கள். பாதிப் பேருக்காவது இது கல்யாணம் என்று புரிந்திருக்கும். புரிந்தும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து கடைசி வேன் வந்தபோது அண்டாவில் சோறு இல்லை. அந்த வேனில் வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். சர்க்கரை நோயாளி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர். திரும்ப உலை வைக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்று என் வீட்டுக்காரர் கையைக் கூப்பினார். தாய்மாமன் திரும்பிப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் வழியாக டம்ளர் பாலை நீட்டினேன். வாங்கவில்லை. தாய்மாமன் கை நனைக்காமல் போனால் அந்தக் கல்யாணத்தை ஊர் எப்படிப் பேசும் என்று தெரியாதவர்கள் யார்? தினமும் ஊருக்கே சோறு போடுகிற என்னால் என் சம்பந்தி வீட்டாருக்கு ஒரு இலை போட முடியவில்லை.

மறுநாள் கம்பெனிக்குப் பேசினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எதிரில் பேசிய பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மேடம், இந்த வட்டாரத்துலயே உங்க மெஸ்ஸுக்குத்தான் நேத்து நிறைய ஸ்டார் வந்திருக்கு. உங்களுக்கு ஷீல்டு குடுக்கலாம்னு இருக்கோம்” என்றான்.

போனைத் தூக்கி எறியாமல் வைத்தது பெரிய விஷயம். ஆப்பை என் போனிலிருந்து அழித்தேன். ஊராரின் போனிலிருந்து எப்படி அழிப்பது? அங்கே என் மெஸ் இன்றும் மண்டபத்தில்தான் இருக்கிறது.

என் மகள் புகுந்த வீட்டைப் பற்றிக் குறை சொல்கிறவள் இல்லை. எப்போதோ வாய் தவறிச் சொன்னாள். வீட்டுக்கு விருந்தாளி வந்து இவள் அரிசி களையப் போனால், “ஒரு படி கூடப் போடும்மா, உங்க ஊட்டுக் கல்யாணம் மாதிரி ஆயிடப்போவுது” என்பாராம் மாமியார். சிரித்துக்கொண்டுதான் சொல்வாராம். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு என் பெண் அரிசி களைய வேண்டியிருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

இப்போது ஞாயிறு முகூர்த்தம் என்றால் நான் மெஸ்ஸை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு மண்டபத்து வாசலில் போய் நின்றுகொள்கிறேன். யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் சரி. என் மெஸ்ஸைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களால் இன்னொருத்தி மானம் போகக்கூடாது. முகம் தெரியாதவர்களை நிறுத்தி, “நீங்க பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?” என்று கேட்கிறேன். இவள் யார் கேட்க என்று சில பேர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

போன மாதம் அப்படி நின்றபோது ஒரு வேனிலிருந்து என் சம்பந்தியம்மா இறங்கினார். பெண் வீட்டார் அவருக்குச் சொந்தமாம். கையைப் பிடித்து நேராகப் பந்திக்கு அழைத்துப்போனேன். நானே இலை போட்டேன், தண்ணீர் தெளித்தேன், பரிமாறுகிறவரிடமிருந்து வாளியை வாங்கி நானே சோறு வைத்தேன். அந்த அம்மா சோற்றில் கை வைக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னிக்கி எங்கண்ணனுக்கு இந்த ஒரு எலயப் போட்டிருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும், சம்பந்தி?”

கம்பெனி, பட்டன், மேடையில் மைக் பிடித்தவள் எல்லாம் தொண்டை வரை வந்தது. இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறவரிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது? குனிந்து பருப்பு ஊற்றினேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.